பூசணி பை மசாலாவை வீட்டிலேயே கலப்பது
நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கினால் அமெரிக்கக் கடைகளில் பூசணி பை (pie, பூசணி விழுதை மாவு ஓட்டில் நிரப்பிச் சுடும் இனிப்பு) மசாலா குட்டிக் குப்பிகளில் வந்து நிற்கும், ஆனால் திறந்து மோந்தால் பாதி வாசனை போயிருக்கும். நீங்களே கலந்துவிடுங்கள்: பட்டைத்தூள் 4 டீஸ்பூன், சுக்குத்தூள் 2, ஜாதிக்காய் 1, கிராம்புத்தூள் அரை, ஆல்ஸ்பைஸ் அரை. ஆல்ஸ்பைஸ் என்றதும் ஏதோ கலவை என்று நினைக்காதீர்கள், ஜமைக்கா பக்கம் விளையும் ஒரே காய்தான் அது. கிடைக்காவிட்டால் குடி முழுகாது. ஜாதிக்காயை மட்டும் முழுசாக வாங்கித் துருவுங்கள், உள்ளே பழுப்புக் கோடுகள் தெரியத் தெரிய எழும் மணம் கடைத்தூளில் வராது. அப்புறம், கிராம்பில் கை தாராளம் வேண்டாம். ஒருமுறை முழு ஸ்பூன் போட்டுவிட்டேன், பை முழுக்கப் பல்வலித் தைல வாடை! 425 கிராம் பூசணி டின்னுக்கு 2 டீஸ்பூன் போதும். மிச்சத்தை இறுக மூடி அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.