மலைப்பாதைக்கு விண்ட்ஷீல்டு: உயரம் வைப்பது எப்படி?

பைக்குக்குப் பெரிய விண்ட்ஷீல்டு மாட்டிவிட்டால் ஊட்டிக் குளிர்காற்று அண்டாது என்று நம்பி வாங்குபவர்கள் ஏராளம். மாட்டிய பிறகுதான் ஹெல்மெட் தடதடக்கத் தொடங்கும். கண்ணாடி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதன் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம்.

விளிம்பைத் தாண்டும் காற்று பிய்ந்து சுழல்கிறது. கல்லாற்றில் பாறையைக் கடந்த தண்ணீர் சுழிக்கிறதே, அப்படி. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் அந்தச் சுழல் ஓட்டுபவரை நோக்கி இழுக்கப்படுகிறது. நெஞ்சில் பட்டால் பெரிதாகத் தெரியாது. ஹெல்மெட்டில் பட்டால் தலைவலிதான்.

1. சோதிக்கும் இடம்: கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து போகும்போது எதுவும் புலப்படாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் வளர்கிறது; 40 கி.மீ.யிலிருந்து 80 கி.மீ.க்குப் போனால் நான்கு மடங்கு. எனவே மேட்டுப்பாளையம் தாண்டி, மலையேறுவதற்கு முந்தைய சமதளச் சாலையில், சுற்றுலா வண்டிகள் மொய்ப்பதற்கு முன் விடியற்காலையில் பாருங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக வைத்தது மேலே தொல்லை தராது.

2. நூல் கட்டுதல்: கம்பளி நூலுக்கு நீலகிரியில் பஞ்சமா? விரல் நீளத் துண்டுகளைக் கண்ணாடியின் வெளிப்புறத்திலும் பெட்ரோல் டேங்க் மீதும் டேப்பால் ஒட்டுங்கள். நண்பரைப் பின்னால் உட்காரவைத்து டேங்க் நூல்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் சாலையில் இருக்கட்டும். நூல் படிந்து கிடந்தால் காற்று சீராக ஓடுகிறது. துள்ளினாலோ, முன்பக்கமாகத் திரும்பினாலோ சுழல் அங்கே இருக்கிறது.

3. எழுந்து பார்த்தல்: நண்பரை இறக்கிவிட்டு, நேர்ச்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் கால்தாங்கியில் ஊன்றிச் சற்றே எழுந்திருங்கள். இரைச்சல் அடங்கி, காற்று ஒரே சீராக முகத்தில் அடித்தால், உட்காரும்போது உங்கள் தலை சுழலுக்குள் இருக்கிறது என்று பொருள், கண்ணாடியை இறக்குங்கள். குனியும்போது மட்டும் அடங்கினால் ஏற்றலாம் என்பார்கள். மலைப்பாதைக்கு நான் அதையும் பரிந்துரைக்க மாட்டேன். குன்னூர்ப் பக்கம் மூடுபனி இறங்கினால் கண்ணாடி முழுதும் துளிகள். துடைக்க வைப்பர் கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்தால் விளிம்பு மூக்குக்குக் கீழே நிற்க வேண்டும். பார்வை அதற்கு மேலே போக வேண்டும்.

4. அடியில் இடைவெளி: பலரும் கவனிக்காதது இது. கண்ணாடியின் அடிப்பகுதிக்கும் முகப்புக்கும் இடையே விரலளவு சந்து விட்டால் உள்ளே காற்று புகுந்து, பின்புற அழுத்தக் குறைவை ஓரளவு ஈடுகட்டும். உயரத்தைத் தொடாமலே தலையாட்டம் தணிவதுண்டு. நெஞ்சில் கொஞ்சம் குளிரும், ஸ்வெட்டர் எதற்கு இருக்கிறது?

5. பக்கக்காற்று: ஹேண்டில்பாரில் பொருத்தும் வகையில், காற்று தள்ளும் விசை நேராகக் கைக்கு வரும். பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும் வளைவுகளில் இது தெரியும். உயரமான கண்ணாடிதான் வேண்டும் என்றால் வண்டியின் உடலோடு பொருத்தும் வகையை வாங்குங்கள்.

போல்ட்டை ரப்பர் வாஷர் இல்லாமல் முறுக்க வேண்டாம், துளையைச் சுற்றி விரிசல் விடும். கழுவச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல் துணி பட்டால் மங்கிவிடும்.