காரில் எட்டு நாள், புத்தகப் பை இல்லாமல்

முதல் தடவை பிள்ளைகளோடு காரில் மைசூர் பக்கம் கிளம்பியபோது டிக்கியில் துணிப்பையைவிடக் கனமாக இருந்தது புத்தகப் பைதான். காலாண்டு விடுமுறையோடு நாலு நாள் சேர்த்து லீவு சொல்லியிருந்தோம், போர்ஷன் விட்டுப்போய்விடுமே என்ற பயத்தில் கணக்கு ஒர்க்புக், ஆங்கில இலக்கணம், கையெழுத்து நோட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் திணித்திருந்தேன். பண்ணாரியில் சாமி கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுக்குள் சின்னவன் ஒர்க்புக் மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது, நாற்றம் மட்டும் மைசூர் வரைக்கும் கூடவே வந்தது.

அதற்கப்புறம் அவ்வளவு தூரம் போகாமல் கொங்கு நாட்டுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தோம். ஈரோட்டில் கிளம்பி பவானி, கோபி, மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம், கரூர், நாமக்கல், சங்ககிரி வழியாக வீடு திரும்புகிற மாதிரி எட்டு நாள். வண்டியில் நாங்கள் இருவர், ஆறாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், அப்புறம் என் அம்மா, அதாவது பிள்ளைகளுக்கு அம்மாயி. இரண்டு மூன்று தடவை சொதப்பிய பிறகு எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: வண்டியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூடாது, வேலை கொடுக்க வேண்டும். சங்ககிரிக் கோட்டை அடிவாரத்தில் நின்று, தீரன் சின்னமலையை 1805-ல் இங்கேதான் தூக்கிலிட்டார்கள் என்று நான் அரைமணி நேரம் பேசினேன், இரண்டு பேரும் ஒரு ஆட்டுக்குட்டி பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். அதே பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் வேலையும் இருந்தால் மூன்று மணி நேரம் வாய் மூடாமல் எண்ணிக்கொண்டு வருவார்கள்.

கிளம்பும் முன் வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த வாரம் என்ன பாடம் நடக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். அதைக் காலையில் லாட்ஜில் டிபனுக்கு முன் அரைமணி நேரம் உட்காரவைத்து முடித்துவிடலாம். ஓடுகிற வண்டியில் படிப்பதும் எழுதுவதும் வேண்டவே வேண்டாம். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி ஆடுகிறது என்கிறது, கண் பக்கத்தில் இருக்கிற எழுத்து அசையவில்லை என்கிறது, இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். போனில் வீடியோ பார்த்தாலும் இதே கதைதான். பின் சீட்டில் பெல்ட் போட்டு, முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி உட்காரவைத்தாலே பாதி வாந்தி நிற்கும். நேர் ரோட்டில் நோட்டில் ஒரு கோடு கிழிக்கலாம், மற்றதையெல்லாம் நிறுத்துகிற இடத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் நன்றாக ஓடிய வேலை வேகக் கணக்கு. கிலோமீட்டர் கல் வரும்போது ஒருவர் "இப்ப" என்று கத்த வேண்டும், மற்றவர் அடுத்த கல் வரை எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 60 விநாடி என்றால் 60, 45 விநாடி என்றால் 80, 72 விநாடி என்றால் 50. மகளுக்கு நீள்வகுத்தல் வராது வராது என்று ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தோம், பெருந்துறை தாண்டுவதற்குள் "அப்பா, நீங்க 90-ல போறீங்க, அம்மாகிட்ட சொல்லட்டுமா" என்று மிரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. கல்லின் தலையைப் பார்க்கவும் சொல்லுங்கள், மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. சின்னவனுக்கு வகுத்தல் தெரியாது, அவனுக்குப் பஸ் போர்டு. எதிரே வரும் டவுன் பஸ்ஸில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும், அந்த ஊர்ப்பெயர் எதில் முடிகிறது என்று சொல்ல வேண்டும். பாளையம், புதூர், பட்டி, மலை, வலசு. பாளையம்தான் ஜெயிக்கும், அது தெரிந்ததுதான், ஆனால் "வலசுன்னா என்னங்க அம்மாயி" என்று அவன் கேட்க, அம்மாயி, யார் யார் எங்கிருந்து குடிவந்து எந்த வலசில் உட்கார்ந்தார்கள் என்று நம் குடும்பக் கதையையே அவிழ்த்துவிட்டார். அதில் பாதி எனக்கே தெரியாது.

கோபியிலிருந்து பெருந்துறை வழியாகக் காங்கயம் போனால் நான் வேறு எந்த வேலையும் கொடுப்பதில்லை, இது ஒன்று போதும். நோட்டில் மூன்று கட்டம் போட்டு காடு, தோட்டம், வயல் என்று எழுதிக்கொடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே எது தெரிகிறதோ அதில் ஒரு கோடு. முதலில் சண்டை வரும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் காடு என்றால் புலியும் யானையும் இருக்கிற இடம். அம்மாயிதான் தீர்ப்பு சொன்னார்: "காடுன்னா மரமிருக்கோணும்னு ஆரு சொன்னா கண்ணு? மழைய நம்பி வெதைச்சா அது காடு, கெணத்துத் தண்ணி பாய்ஞ்சா தோட்டம், வாய்க்கால் பாய்ஞ்சா வயல்." நம் பக்கத்துப் பேச்சில் இருக்கிற இந்த மூன்று சொல்லும் மூன்று வகை தண்ணீர், அதை எந்தப் புவியியல் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் பார்க்கவில்லை. கோபி பக்கம் வயல் கட்டம் நிரம்பும், பெருந்துறை, சென்னிமலை பக்கம் வர வர தோட்டமும் காடும் கலந்து வரும், காங்கயம் நெருங்கினால் காடுதான். அங்கே இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம், கொறங்காடு. கிளுவை முள்வேலி சுற்றிக் கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக மாட்டுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் நிலம். காங்கயம் மாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதைக் காட்டினால் போதும்.

வழியில் கீழ்பவானி வாய்க்கால் பாலம் ஒன்றில் கண்டிப்பாக நிறுத்துங்கள். 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால். பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் ஒரு பக்கம் பச்சைப் பசேலென்று இருக்கும், மறுபக்கம் சோளத்தட்டுக் காடாக இருக்கும். உடனே காரணம் சொல்லிவிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் தண்ணீர் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மகள் கவர்மெண்ட் ஓரவஞ்சனை என்றாள், மகன் அந்தப் பக்கத்துக்காரர்கள் சோம்பேறி என்றான். கடைசியில் பாட்டில் தண்ணீரைப் பாலத்து மண்ணில் ஊற்றிப் பார்த்து, தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற நிலத்துக்குத்தான் பாயும் என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். எல்லா இடத்திலும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது, கிணறு இருந்தால் மேல்பக்கமும் பச்சையாகத்தான் இருக்கும், அதையும் அவர்களே கேட்பார்கள்.

தண்ணீரின் வேகம் பார்க்க வேண்டுமென்றால் பாலத்தின் மேல் ஓரத்தில் ஒரு பூவைப் போட்டு, கீழ் ஓரத்தில் வெளியே வர எத்தனை விநாடி என்று பார்த்து, பாலத்தின் அகலத்தைக் காலடியால் அளந்து வகுத்துக்கொள்ளலாம். சின்னவன் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்க வேண்டும், படியில் இறங்கவே விடாதீர்கள், வாய்க்கால் தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே இழுப்பு வேறு. பவானி, ஈரோடு பக்கம் என்றால் காலிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டு வாய்க்கால், இன்னமும் பாய்கிறது. இதற்கு மேப்பும் தையல் நூலும் வேண்டும். பவானியிலிருந்து கொடுமுடிக்கு நேராக நூல் பிடித்தால் 50 கிலோமீட்டருக்குள் வரும், வாய்க்காலின் வளைவுகளிலேயே நூலை வைத்துக்கொண்டு போனால் கிட்டத்தட்ட 90. ஏன் பாம்பு மாதிரி வளைகிறது என்ற கேள்வியை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இடங்களுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணல் என்று ஆசையாகக் கூட்டிப்போனால், "இங்க என்ன இருக்கு, வெறும் காடுதானே" என்பார்கள், அது நியாயமும்கூட, தோண்டிய குழியை மூடிவிட்டால் அப்புறம் என்ன தெரியும். அதனால் முந்தின நாள் இரவே ஒரு கூழாங்கல்லையும் ஒரு ஆணியையும் கொடுத்து, இதில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை போடுங்கள் என்று விட்டுவிட்டேன். ஒருமணி நேரம் கழித்து ஒரு கீறல் விழுந்திருந்தது. மறுநாள் அதே இடத்தில் நின்று, 2000 வருடத்துக்கு முன்னால் இங்கே படிகக்கல்லிலும் சூதுபவளத்திலும் மயிரிழை மாதிரி துளை போட்டு மணி கோத்தார்கள், காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது, பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள் என்று மூன்று வரியில் முடித்துக்கொண்டேன். மகள் அந்தக் கூழாங்கல்லை இன்னும் வைத்திருக்கிறாள். அங்கிருந்து அரச்சலூர் தூரமில்லை. நாகமலைக் குகையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு, ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து, "த தை தா தை த" என்று தொடங்கும். இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றேதான் வரும். மலை ஏற முடியாவிட்டால் பரவாயில்லை, இதைச் சொல்லிவிட்டு ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு நீயே அப்படி ஒன்று செய் என்று கொடுத்தால் அன்றைக்கு முழுக்கச் சத்தம் இருக்காது.

உடுமலை, பல்லடம் ரோட்டில் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று நுழைகிறது என்று எல்லோரும் சொல்லிவிடுவோம், எண்ணவைப்பதுதான் சுவாரசியம். ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கை உச்சியைத் தாண்டுகிறது என்று எண்ணி மூன்றால் வகுத்தால் சுற்று கிடைக்கும். பழைய சின்ன மெஷின் வேகமாகச் சுற்றும், புதிய பெரியது சாவகாசமாகச் சுற்றும், பெரியது சோம்பேறி என்று சின்னவன் தீர்ப்பு சொன்னான். அக்கா கணக்குப் போட்டாள்: இறக்கை 50 மீட்டர் என்றால் நுனி ஒரு சுற்றுக்கு 314 மீட்டர் ஓட வேண்டும், நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் நுனியின் வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர். நம் காரைவிட வேகமா என்று இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

பொள்ளாச்சி முழுக்க அம்மாயிக்கு விட்டுவிட்டேன், காலால் தண்ணீர் குடித்துத் தலையால் முட்டையிடுவது யார் என்று தென்னந்தோப்பைக் காட்டியே விடுகதை போட்டுக்கொண்டு வந்தார். நாமக்கல்லில் கொல்லிமலை ஏறினால் 70 வளைவு, எண்ணுவது சின்னவன் பொறுப்பு. அடிவாரத்தில் காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் ஒன்றை வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே போகப் போக அது உப்பும், காதும் அடைக்கும், இரண்டுக்கும் ஒரே காரணம்தான், வெளியே காற்றழுத்தம் குறைகிறது. தின்றுவிட்டு வெறும் கவரைக் கீழே கொண்டுவந்து குப்பையில் போடுங்கள். திருச்செங்கோடு ரோட்டில் அந்த ஊர் நம்பரான டி.என். 34 போட்ட போர்வெல் ரிக் வண்டி எத்தனை என்று எண்ணலாம், மற்ற மாநிலத்துக்குப் போகும்போது அதே நம்பரைக் கண்டுபிடிப்பது தனி சந்தோஷம்.

பணம் மட்டும் தினமும் நடக்க வேண்டிய வேலை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு 1500 ரூபாயை ஒரு பர்ஸில் போட்டுக் காலையிலேயே மகளிடம் கொடுத்துவிடுவோம், மிஞ்சினால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. முதல் நாள் மதியமே பிரியாணியும் ஐஸ்கிரீமுமாக 1100 போய்விட்டது, ராத்திரி எல்லோருக்கும் இட்லிதான், அவள் அப்பா ஆம்லெட் கேட்டும் கிடைக்கவில்லை. நான் குறுக்கே போகவில்லை, குறுக்கே போயிருந்தால் மறுநாள் அவள் மெனு கார்டில் விலைப் பக்கத்தை முதலில் பார்த்திருக்க மாட்டாள். டீசல் கணக்கும் அவளிடம்தான்: டேங்க் நிரப்பும்போது கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த தடவை மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுத்தால் மைலேஜ். மலை ஏறின நாளில் ஏன் குறைந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லா நேரமும் இப்படியே ஓட்டாதீர்கள். மதியம் சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் யாருக்கும் எந்த வேலையும் கிடையாது, தூங்கட்டும், சண்டை போடட்டும். போன் பொழுது சாய்ந்தபின் ஒருமணி நேரம், அதற்கு முன் மேப் பார்க்க மட்டும்.

வீடு வந்து சேர்ந்த இரண்டு நாளுக்குள் அந்த நோட்டில் பஸ் டிக்கெட், டோல் ரசீது, காய்ந்த கிளுவை இலை எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிடுங்கள். போன வருடம் தள்ளிப்போட்டோம், எல்லாம் இன்னும் டிக்கியில் ஒரு கவரில் கிடக்கிறது, டோல் ரசீதில் எழுத்தே அழிந்துவிட்டது.