ஒன்ராறியோச் சிறைச்சாலைகளில் வேலைக்குச் சேரும் நம்மவர்களுக்கு: நட்டஈடு கேட்பதற்கு முன்

ஒன்ராறியோ மாகாணச் சிறைச்சாலைகளில் உத்தியோகத்தராகச் சேர விரும்பும் நம்மவர்கள் பயிற்சியையும் சம்பளத்தையும் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வேலையால் உடலோ மனமோ பாதிக்கப்பட்டால் என்ன வழி என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஊரில் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் மெடிக்கல் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால், வைத்தியர் கொடுத்த துண்டில் என்ன நோய் எழுதப்பட்டிருக்கிறது என்று எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. இங்கு முழு விண்ணப்பமும் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது.

கையிலோ முதுகிலோ அடிபட்டால் வழி நேரானது. அன்றைக்கே மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள், வேலையால் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு தரும், டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் மாகாணக் காப்புறுதிச் சபைக்கு நீங்கள் படிவம் 6, நிர்வாகம் படிவம் 7, வைத்தியர் படிவம் 8 அனுப்ப வேண்டும். உங்களுக்குரிய கால எல்லை 6 மாதங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால், இழந்த நிகர வருமானத்தின் 85 வீதம் கிடைக்கும். பிழை யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். பதிலுக்கு, வேலை தந்தவர்மீது வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு இராது.

மனம் பாதிக்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2016 ஏப்ரல் 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொலிஸாரையும் தீயணைப்புப் படையினரையும் போலவே சிறைச்சாலை ஊழியருக்கும் பி.ரி.எஸ்.டி. எனும் மனவடு நோய் வந்தால், மாறாக நிறுவப்படாத வரையில், அது வேலையால் வந்தது என்றே கொள்ளப்படும். ஆனால் நோயை மனநோய்களை வரையறுக்கும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி உறுதிசெய்பவர் மனநல வைத்தியராகவோ உளவியலாளராகவோ இருக்க வேண்டும். குடும்ப வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருடைய கையெழுத்து இதற்குப் போதாது.

ஸ்காபரோவில் வசிக்கும் என் நண்பர் மாட்டுப்பட்டது இந்த இடத்தில்தான். கைதி ஒருவர் இறந்துகிடந்த அறையின் கதவை முதலில் திறந்தவர் அவர். அதன் பிறகு திறப்புக் கோர்வை குலுங்கும் ஓசைக்கே அவருடைய உடல் வியர்த்தது. ஆனால் தமிழரான தன் குடும்ப வைத்தியரிடம் நித்திரை வருவதில்லை, தலையிடி, பிரஷர் கூடிவிட்டது என்று மட்டுமே சொன்னார். விசர் என்று பெயர் எடுத்துவிடுவோமோ என்ற பயம், ஷெல் அடிக்குள்ளேயே இருந்து வந்தவனுக்கு இது பெரிய விஷயமா என்ற வீம்பு. வைத்தியர் எழுதிய துண்டில் பதகளிப்பு, மனச்சோர்வு, இரண்டு வார ஓய்வு என்பவை மட்டுமே இருந்தன. வேலை என்ற சொல்லே இல்லை. அதனால் விண்ணப்பம் மேற்சொன்ன சட்டத்தின்கீழ் எடுக்கப்படாமல், 2018 முதல் உள்ள நாட்பட்ட மன அழுத்தப் பிரிவுக்குப் போனது. அங்கே வேலைதான் முதன்மைக் காரணம் என்பதை நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. பின்னர் உளவியலாளர் பி.ரி.எஸ்.டி. என்று உறுதிசெய்தபோது சுகவீன விடுப்பு முழுவதும் தீர்ந்திருந்தது. முதல் நாளே இதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. அவருடைய வீம்பை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

ஆகவே, முதற் சந்திப்பிலேயே என்ன நடந்தது, எந்தத் திகதியில் நடந்தது என்று வைத்தியரிடம் சொல்லி, அவற்றைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்; மனநல வைத்தியரிடம் அனுப்பும் கடிதத்தையும் அப்போதே கேளுங்கள். அங்கு நீண்ட காலம் காத்திருக்க நேரிடலாம். உளவியலாளரிடம் கடிதமின்றியே போகலாம், ஆனால் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அதற்குப் பணம் கட்டாது. டபிள்யூ.எஸ்.ஐ.பி. அல்லாமல், வேலையோடு சேர்ந்து வரும் மருத்துவக் காப்புறுதி எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே பாருங்கள். சம்பவ அறிக்கைகளை வீட்டுக்குக் கொண்டுவராமல், கைதியின் பெயரைத் தவிர்த்து, திகதியையும் நேரத்தையும் சொந்தக் கொப்பியில் குறித்து வையுங்கள். போர்க்காலத்தில் பட்டதை மறைக்காதீர்கள்: வேலையும் குறிப்பிடத்தக்க காரணமாக இருந்தால், பழைய காயம் உண்டு என்பதற்காக மட்டும் உங்களை விலக்கிவிட முடியாது. ஒழுக்காற்று நடவடிக்கை, இடமாற்றம் போன்ற நிர்வாக முடிவுகளால் வந்த பாதிப்புக்கு மட்டும் இந்தச் சட்டம் இடம் தராது.

மறுப்புக் கடிதம் வந்தால், அதன் திகதியிலிருந்து 6 மாதங்களுக்குள் ஆட்சேபிக்கலாம். வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவாயின் 30 நாட்கள்தான். பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருவோரைத் தேடிப் போகுமுன், நீங்கள் சந்தா கட்டும் தொழிற்சங்கத்தின் பிரதிநிதியிடம் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.