பகலில் கண் மூடும் பச்சோந்தி: நோயைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பச்சோந்தி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ஒரு படம், அதில் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும் பச்சோந்தி. கூடவே ஒரு வரி: “நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, இன்று தூங்கிக்கொண்டே இருக்கிறது, என்ன மருந்து கொடுக்கலாம்?” அந்தப் படத்தில் விளக்கு தெரியாது. வெயில் காயும் கிளையின் (கூண்டில் சூட்டு விளக்கின் கீழே உள்ள கிளை) வெப்பநிலை தெரியாது. எச்சம் என்ன நிறம் என்பதும் தெரியாது. பதில் சொல்ல இவை மூன்றும்தான் முதலில் வேண்டும்.

‘நேற்று வரை’ என்பது அநேகமாக எப்போதுமே தப்பு. தளர்ச்சியை வெளியே காட்டினால் பறவைக்கோ பாம்புக்கோ இரையாகிவிடும் என்பதால், பச்சோந்தி தன் நோயை முடிந்த மட்டும் மறைக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உள்ளே நடந்துகொண்டிருந்ததை இனி மறைக்க முடியாது என்ற கட்டத்தில்தான் நாம் பார்க்கிறோம். கூண்டைச் சுத்தமாக வை, அளவுக்கு மீறிக் கையில் எடுக்காதே போன்ற அரிச்சுவடிகளை இங்கே விட்டுவிடலாம். கணிப்பு எங்கே தவறுகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

கண் மூடினால் கண் நோய் என்று முடிவு கட்டுவது

ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் கண்ணை மூடித் தூங்காது. மூடியிருப்பது ஒரு கண்ணா, இரண்டுமா என்று முதலில் பாருங்கள். ஒரு கண் மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான்: உரிந்த தோல் துணுக்கு சிக்கியிருக்கலாம், செடி குத்தியிருக்கலாம், சீழ் வைத்திருக்கலாம். இரண்டு கண்ணும் மூடியிருந்தால் உடல் முழுவதும் படுத்துவிட்டது என்று பொருள். நீர் வறட்சி, சிறுநீரகக் கோளாறு, தொற்று, வலி, பெண்ணாக இருந்தால் முட்டை அடைப்பு என்று எதுவும் இருக்கலாம். இந்த நிலையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நான்கு நாளைக் கடத்தினால் உயிர் போகும்.

இரண்டு இமைகளும் வீங்கி, தோல் சரியாக உரியாமல், நாக்கில் இரை ஒட்டாமல் நழுவினால் வைட்டமின் ஏ குறைவைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் தெளிக்கும்போது கண்ணை உப்பிச் சுழற்றிக் கிளையில் தேய்ப்பது வேறு. அது கண்ணைக் கழுவிக்கொள்வது, ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும்.

விளக்கு எரிகிறது, ஆகவே யூவிபி கிடைக்கிறது என்று நம்புவது

யூவிபி என்பது வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் புற ஊதாக் கதிர். எத்தனை முறை எச்சரித்தாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. இதனால் வரும் எலும்பு மெலிவு நோய் முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. அதனால்தான் இவ்வளவு ஆற்றாமை.

வழக்கமாக நடப்பது இப்படி. நாலு மாதக் குட்டிக்குத் திருகு வடிவச் சிறிய யூவி பல்பு ஒன்று வாங்கி மாட்டுவார்கள். கூண்டின் மேல் கண்ணாடி மூடி இருக்கும், அல்லது பல்பு ஒரு மூலையில் தள்ளி இருக்கும். வெளிச்சம் நன்றாக வரும். குட்டியும் நன்றாகத் தின்னும், வேகமாக வளரும். வேகமாக வளர்வதுதான் ஆபத்து, ஏனென்றால் எலும்புக்குக் கால்சியம் மிக அதிகமாகத் தேவைப்படும் காலம் அதுவே.

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் யூவிபிக்கும் சம்பந்தமில்லை. சாதாரணக் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலும் இதற்கு உதவாது. மேல் வலையும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். குழல் பழசாகும்போது வெளிச்சம் அப்படியே இருக்க, யூவிபி மட்டும் குறைந்துகொண்டே போகும்.

யூவிபி தோலில் பட்டால் அங்குள்ள ஒரு பொருள் வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாறும். உடல் சூட்டில் அது டி3 ஆகும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அதை வேலை செய்யும் வடிவத்துக்குக் கொண்டுவரும். அது இருந்தால்தான் குடல் கால்சியத்தை உள்ளே இழுக்கும். இல்லையென்றால் தூவிய பொடியில் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். போதாக்குறைக்கு, சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் இதயமும் நின்றுவிடும் என்பதால், பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்க, எலும்பு மட்டும் ரப்பராகிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

முதல் அறிகுறி பிடியில் தெரியும். கிளையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டிய பாதம், நகத்தால் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கும். நடக்கும்போது கிளைக்குப் பதிலாகத் தன் இன்னொரு காலையே பிடித்துக்கொள்ளும். இரையைக் குறிபார்த்து நாக்கை விடும், ஆனால் பாதி தூரம் போய்த் தொங்கலாக, மெதுவாக உள்ளே திரும்பும். பிறகு முன்கையின் நடுவில் ஒரு வளைவு வரும், முழங்கை இல்லாத இடத்தில் இன்னொரு முழங்கை முளைத்ததுபோல. கடைசியில் வயிற்றைத் தூக்க முடியாமல் தரையில் தவழும், விரல்கள் துடிக்கும், வாய் சரியாக மூடாது.

இந்தக் கட்டத்தில் இரண்டாவது தவறு நடக்கிறது. பயத்தில் டி3 கலந்த கால்சியத்தைத் தினமும் அள்ளித் தூவுகிறார்கள். தோலில் உண்டாகும் டி3 அளவு மீறாமல் உடல் பார்த்துக்கொள்ளும். வாய் வழியாகப் போவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கொழுப்பில் கரையும் டி3 உடலில் சேர்ந்து, சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பைப் படியவைக்கும். தொண்டைக்குக் கீழே நீர்ப்பை போல வீக்கம் வந்தால் சத்துப் பொடி கூடிவிட்டதா என்றும் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது:

- கூண்டின் அகலத்துக்கு நீண்ட, 6 சதவீத யூவிபி குழல், டி5 (T5) எனப்படும் மெல்லிய குழல் விளக்கு வகை. மேலே பிரதிபலிக்கும் தகடு அவசியம்.
- குழலுக்கும், வெயில் காயும்போது பச்சோந்தியின் முதுகுக்கும் இடையே 20 முதல் 25 செ.மீ. தினம் 12 மணி நேரம். யூவி மீட்டர் கிடைத்தால் முதுகு உயரத்தில் யூவி குறியீடு 3 அளவில் இருக்க வேண்டும்.
- மீட்டர் இல்லாதவர்கள் வருடத்துக்கு ஒருமுறை குழலை மாற்றிவிட வேண்டும். மாட்டிய தேதியைக் குழலின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள்.
- டி3 இல்லாத கால்சியம் ஏறக்குறைய ஒவ்வொரு தீனிக்கும், பூச்சியின் மேல் லேசாகப் படியும் அளவு. டி3, வைட்டமின் ஏ அடங்கிய பொடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

ஏற்கெனவே கால் வளைந்துவிட்டால் கிளைகளைத் தாழ்த்தி, கீழே மெத்தென்று ஏதாவது விரித்து, ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். திரவக் கால்சியம் எவ்வளவு என்பதை எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். கிளையிலிருந்து பிடித்து இழுக்கவே கூடாது. அந்த இழுப்பிலேயே கால் எலும்பு முறியும். வளைந்தது நிமிராது, ஆனால் மேற்கொண்டு வளையாமல் நிறுத்த முடியும்.

எச்சத்தைப் பார்க்காமலே துடைத்தெறிவது

கரும்பழுப்பு மலமும் வெள்ளை யூரேட்டும் (கெட்டியாக வெளியேறும் சிறுநீர்க் கழிவு) சேர்ந்து வர வேண்டும். யூரேட்டின் நுனியில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் பதற வேண்டாம். முழுதும் ஆரஞ்சாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பொதுவாகக் கண்டுகொள்ளாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். நன்றாகத் தண்ணீர் காட்டியும் கண் குழிந்தே இருந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

நாற்றமும் இளக்கமும் இருந்தால் ஒட்டுண்ணிப் பரிசோதனை. எச்சம் ஈரம் காயாமல் மூடிய டப்பாவில், குளிர்பெட்டியில் (உறைபெட்டியில் அல்ல), 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒட்டுண்ணி முட்டைகள் எல்லா நாளும் வெளியேறுவதில்லை என்பதால், ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் மீண்டும் கொடுங்கள்.

ஈரப்பதத்தை நாள் முழுக்க ஏற்றியே வைப்பது

மழைக்காட்டுப் பிராணி என்று நினைத்துப் பகலிலும் புகை போலப் பனியை விட்டுக்கொண்டே இருப்பார்கள். சூடும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வரும். வெய்ல்டு, பாந்தர் எனப்படும் பச்சோந்தி வகைகளுக்குப் பகலில் 40 முதல் 50 சதவீதம் போதும். ஈரம் இரவுக்கு உரியது, அப்போது 80-க்கு மேல் போகலாம். ஆனால் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் பனிக் கருவியைப் போட வேண்டும். விடிவதற்கு முன் இரண்டு நிமிடம் தெளித்து, பகலில் இலைகள் முற்றிலும் காய விடுங்கள்.

வெயில் காயும் கிளையில் வாயைத் திறந்தால் சூடு அதிகம் என்று பொருள். குளிர்ந்த இடத்திலும் வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி, மூச்சில் சொடுக்குச் சத்தமும் வாயில் நூல் நூலாகக் கோழையும் இருந்தால் நுரையீரல் தொற்று. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வெப்பத்தைக் கிளையில் அளப்பது

முதுகு உயரத்தில், கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானியால் அளக்க வேண்டும். வளர்ந்த ஆண் வெய்ல்டு, பாந்தருக்கு 29 முதல் 31 டிகிரி, ஜாக்சன் வகைக்கு 27 டிகிரி. தலைக்கொண்டை பல்புக்கு இன்னும் அருகே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தீக்காயம் சில நாள் கழித்துத்தான் கருப்பாகத் தெரியும்.

ஆண் இல்லையே, முட்டை எப்படி என்று இருப்பது

பெண் வெய்ல்டு ஆணைக் காணாமலேயே முட்டை வைக்கும். சாப்பாட்டை நிறுத்தி, தரையில் அலைந்து, மூலைகளைப் பறிக்க ஆரம்பித்தால் இடம் தேடுகிறது. 30 செ.மீ. அகல, நீள, ஆழமுள்ள தொட்டியில் கழுவிய மணலை நிரப்பி, விரலால் துளைத்தால் சுரங்கம் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்துங்கள். வளர்ந்த பெண் இருக்கும் கூண்டில் இது எப்போதும் இருக்க வேண்டும். தோண்டும்போது ஆள் பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடும், எனவே பக்கங்களை மறைத்துவிடுங்கள். தோண்டித் தோண்டி விட்டுவிட்டு, தரையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் அது முட்டை அடைப்பு. மறுநாள் வரை பொறுக்காது.

வெயில் காயும் இடத்தை 27 டிகிரியில் வைத்து, தீனியையும் குறைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை குறையும்.

கருநிறம் கண்டு பதறுவது

காலையில் கருத்தால் சூட்டை வாங்குகிறது. நாள் முழுக்கக் கருத்தே இருந்தால் மட்டும் தேடுங்கள்: கண்ணாடியில் தன் பிம்பம், எதிரே இன்னொரு பச்சோந்தி, குளிர், வலி.

மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது

வேண்டாம். நீர் வற்றிய உடலில் சில வகைகள் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவது

கிராம் காட்டும் சமையலறைத் தராசு, அதன் மேல் ஒரு சிறு கிளை. வாரம் ஒருமுறை எடையைக் குறித்துவையுங்கள். முட்டை வைக்காத பச்சோந்தி பத்தில் ஒரு பங்கு இளைத்திருந்தால், தின்றுகொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த எடைக் குறிப்பு, கூண்டின் முழுப் படம், குழலின் தேதி, பொடி டப்பாக்கள், புது எச்சம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பச்சோந்தியை இருட்டான பெட்டியில், பிடித்துக்கொள்ள ஒரு கிளையோடு, வெயில் படாமல் கொண்டுபோனால் போதும்.