16 அடி வீட்டுக்குக் கைமரம் எவ்வளவு நீளம்?

செங்கோட்டைப் பக்கம் ஓட்டு வீடு கட்டுகிறவர்கள் பலரும் மரக்கடைக்குப் போய், "கைமரம் எல்லாம் 12 அடியில கொடுங்க" என்று உத்தேசமாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள். கைமரம் என்றால் சுவரிலிருந்து கூரை உச்சிக்குச் சரிவாக ஏறி ஓட்டைத் தாங்கும் மரம். இன்றைக்கு மரம் விற்கிற விலையில் கட்டைக்கு ஓரடி துண்டு விழுந்தால் யார் வீட்டுக் காசு? கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

எதிரெதிர்ச் சுவர்களின் மேல் படுத்திருக்கும் உத்தரங்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு டேப் பிடியுங்கள். இரண்டு முனை, நடு என மூன்று இடத்தில் பாருங்கள். பழைய சுவர் எங்கேயாவது பிதுங்கியிருக்கும். 16 அடி என்று வைத்துக்கொள்வோம். மோடு, அதாவது கூரை உச்சி, நடுவில் வருவதால் பாதி 8 அடி.

அடுத்து வாட்டம், அதாவது கூரையின் சரிவு. மங்களூர் ஓட்டுக்கு நான் வைப்பது படுக்கைவாக்கில் அடிக்கு 7 அங்குலம் உயரம். 30 டிகிரிக்குக் கொஞ்சம் கூட வரும். இதைவிடப் படுத்தால் சாரல் காற்று தண்ணீரை ஓட்டுக்கு அடியில் ஏற்றிவிடும்.

8 அடிக்கு 56 அங்குலம் உயரம். படுக்கை 96 அங்குலம். 96-ஐ 96-ஆல் பெருக்கினால் 9216, 56-ஐ 56-ஆல் பெருக்கினால் 3136. கூட்டினால் 12352. செல்போனில் வர்க்கமூலம் போட்டால் 111.14 அங்குலம், அதாவது 9 அடி 3 அங்குலம் 1 நூல் (8 நூல் ஓர் அங்குலம்). இறவாணம், அதாவது கூரையின் கீழ் ஓரம், சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே நீளவேண்டும் என்றால் அதே வாட்டத்தில் இன்னும் 20 அங்குலம் 7 நூல். மொத்தம் 11 அடி.

சரி, 11 அடியில் வெட்டிவிடலாமா? கூடாது. நம் கணக்கு மோட்டு உத்தரத்தின் நடுக்கோடு வரைக்கும். உத்தரம் 2 அங்குலக் கனம் என்றால் அதில் பாதி, 1 அங்குலம், படுக்கைவாக்கில் குறையவேண்டும். சரிவில் அது 1 அங்குலம் 1 நூலுக்குச் சற்றுக் கூட. கடைசியில் 10 அடி 11 அங்குலத்துக்கு ஒன்றரை நூல் குறைவு. இந்தக் கழிவை விட்டுவிட்டால் எல்லாக் கைமரமும் சுவரை வெளியே தள்ளும்.

வெட்டுக்கு டிகிரி தேவையில்லை. பெரிய மூலைமட்டத்தின் (L வடிவ அளவுகோல்) நீளக் கையில் 12, குட்டைக் கையில் 7, இரண்டும் கைமரத்தின் ஒரே விளிம்பில் படும்படி வையுங்கள். 7 இருக்கிற கையோரம் இழுத்த கோடு, மோட்டில் ஒட்டும் தூக்கு வெட்டு, அதாவது செங்குத்து வெட்டு. 12 இருக்கிற கையோரம் இழுத்தது, சுவர் உத்தரத்தில் உட்காரும் படுக்கை வெட்டு. உட்காரும் பள்ளம் மரத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 4 அங்குல மரத்தில் ஒன்றேகால் போதும். தாண்டினால் இறவாணப் பக்கம் பலம் போய்விடும். டேப்பை மேல் விளிம்பிலேயே பிடிக்கலாம், தூக்குக் கோடுகள் இணையாக ஓடுவதால் நீளம் மாறாது.

நாலு பக்கமும் சரியும் கூரையில் மூலைக் கைமரம் வரும். அதற்கு 12-க்குப் பதில் 17 வையுங்கள், 7 அப்படியே. அதன் நீளம், இறவாணம் சேர்க்காமல், மோட்டுக் கழிவுக்கு முன், 12 அடி 2 அங்குலம் 7 நூல். பக்கத்துக் கைமரத்தின் கோணத்தையே இதற்கும் போடுகிறவர்கள் உண்டு. மோட்டில் வெட்டு வாய் பிளந்து நிற்கும்.

முதலில் ஒரு ஜோடி மட்டும் வெட்டி மேலே ஏற்றிப் பாருங்கள். பொருந்தினால் அதில் ஒன்றில் 'அச்சு' என்று சாக்பீஸில் எழுதித் தனியே வையுங்கள். மிச்சக் கட்டை எல்லாவற்றுக்கும் அதை வைத்தே கோடு போடவேண்டும். கடைசியாக வெட்டியதை வைத்து அடுத்ததை வரைந்தால் கட்டைக்கு அரை நூலாகக் கூடி, பத்தாவது கட்டையில் அரை அங்குலத்துக்கு மேல் போயிருக்கும்.