ஜெர்மனியில் முதுகலையா? பெயரிலிருந்து தொடங்குங்கள்

அக்டோபரில் வகுப்பு என்றால் முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே வேலையில் இறங்கிவிடுங்கள். நான் ஜனவரியில் தொடங்கி, ஜூலை வரை சரியாகத் தூங்காதவன்.

முதலில் ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய்.

அனுப்பும் முன் உங்கள் பெயரைப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் அங்கே யாருக்கும் புரியாது. என் மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒற்றை 'கே'. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். விண்ணப்பத்தில் ஒன்று, வங்கியில் இன்னொன்று என்று நிரப்பிவிட்டு, அப்புறம் நோட்டரியிடம் ஓடினேன். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஜூலை 15 கடைசி நாள். சில முன்பே மூடிவிடும். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக என்றால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஐந்தாறு இடம் போதும்.

'அங்கே படிப்பு இலவசம்' என்பார்கள், முழுதாக நம்பவேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. அதுபோக, 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்குப்படி, விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைத்த கணக்கு) 11,904 யூரோ போட்டுக் காட்டவேண்டும். கவலை வேண்டாம், உங்கள் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும்.

விசா வந்ததும் அறை தேடலாம் என்று இருந்துவிடாதீர்கள். அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மியூனிக்கில் வரிசை ரொம்ப நீளம்.