புளியங்கொட்டையும் பீத்தோவனும்

நரிமேட்டில் என் வீட்டு முன்னறைக்குப் பியானோ பழக வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் பீத்தோவனின் 'ஃபியூர் எலிஸ்' வாசிக்கத்தான் வருகிறார்கள். காலிங் பெல்லில் கேட்ட மெட்டு. முதல் பக்கம் இரண்டே மாதத்தில் விரலுக்கு வந்துவிடும். அப்புறம் எஃப் மேஜர் என்ற வேறு ஸ்வர வரிசைக்கு மாறுகிற பகுதி வரும். சின்னச் சின்ன ஸ்வரங்களாகச் சரசரவென்று ஓடும் அந்த இடத்தில் கை தடுக்கும். உடனே முதல் வரிக்குப் போய் மறுபடி ஆரம்பிப்பார்கள். நன்றாக வருகிற பக்கம் நூறாவது முறை நன்றாக வரும். வராத இடம் நூறாவது முறை தப்பாக வரும். கை அந்தத் தப்பையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளும். நானும் ஒரு வருடம் இப்படித்தான் வாசித்து, கிரேடு தேர்வில் சரியாக அதே இடத்தில் நின்றேன்.

"அந்த ரெண்டு வரி வரல மிஸ்" என்பார்கள். இரண்டு வரியும் வராமல் இருக்காது. மெதுவாக வாசித்து, எந்த இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் கை தயங்குகிறது என்று பாருங்கள். இங்கே கட்டைவிரல் ஜி என்ற ஸ்வரத்திலேயே நிற்க, மற்ற விரல்கள் படிப்படியாக மேலே ஏறும். ஏறுவது கஷ்டமில்லை. ஜி-யை விட்டுவிட்டுக் கை இடம் மாறி, மேலிருந்து இறங்கத் தொடங்கும் அந்த ஒரு நொடிதான் சிக்கல். பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போடுங்கள். பேனா வேண்டாம், நாளைக்கு வட்டம் வேறு இடத்துக்குப் போகும்.

அடுத்தது விரல் எண், அதாவது எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பது (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5). இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டு. என்னுடையது டிஜிட்டல் பியானோ. கரண்ட் போனால் வெறும் பலகை. ஒரு மே மாதச் சாயங்காலம் சத்தமே இல்லாமல் அந்த இறக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். காதுக்கு வேலை இல்லாததால் கண் விரலைப் பார்த்தது. கட்டைவிரலைத் தாண்டிப் போடும் விரல் ஒருமுறை மூன்றாவது, மறுமுறை நான்காவது! இப்படி இருந்தால் வேகம் எப்படி வரும்? ஒரு விரலை முடிவு செய்து, எண்ணைத் தாளில் எழுதி, மெதுவாக வாசிக்கும்போதும் அதே விரலையே போடுங்கள்.

இனி வேகம். தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்வார்கள். தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது என்பது என் கட்சி. நடக்கும்போது கால் போகிற விதம் வேறு, ஓடும்போது வேறு; கைக்கும் அப்படித்தான். அதனால் வேகமாகவே பழகுங்கள், நாலே நாலு ஸ்வரம் மட்டும். இந்தப் பாட்டு 3/8 தாளம்; ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, மூன்று தட்டு. அந்த ஓட்டத்தில் ஒரு பாருக்குப் பன்னிரண்டு ஸ்வரம், அதாவது மூன்று 'தகதிமி'. முழு வேகத்தில் ஒரு 'தகதிமி' வாசித்து, அடுத்த 'த'-வில் இறங்கி நில்லுங்கள். தோளைத் தளர்த்தி, மூச்சு விட்டு, நின்ற அதே 'த'-விலிருந்து அடுத்த நாலைத் தொடங்குங்கள். இப்படி ஒவ்வொரு துண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமாக இருந்தால், ஒட்டும்போது இடையில் விரிசல் விழாது. பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு.

எத்தனை முறை வாசிப்பது? அதற்குத்தான் புளியங்கொட்டை. ஐந்து கொட்டையை இடது ஓரத்தில் வையுங்கள். சரியாக வந்தால் ஒன்று வலப்பக்கம் போகும். ஒரு தப்பு வந்தால் எல்லாமே பழையபடி இடப்பக்கம். நாலு கொட்டை தாண்டி ஐந்தாவதில் சறுக்கிய ஒரு பையன், "அது தும்மல் மிஸ், தப்பு இல்ல" என்று வாதாடினான். ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தும் போய்விட்டால், வட்டத்துக்கு ஒரு பார் முன்னாலிருந்து தொடங்கி உள்ளே நுழையுங்கள். துண்டைத் தனியாக வாசிக்கத் தெரிந்தவர்கள்கூட ஓடி வந்து நுழையும்போது விழுவார்கள். இடது கையைத் தனியாகவும் ஒருமுறை பாருங்கள். பல நேரம் வலது கை தடுமாறுவதற்குக் காரணம் இடதுதான். இடது கையில் ஏ என்ற ஸ்வரம் ஒன்றே திரும்பத் திரும்ப அடிக்கிற பகுதியும் பின்னால் வரும். அங்கே மணிக்கட்டை இறுக்கினால் முன்கை வலிக்கும். வலித்தால் அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள்.

ஒரு வட்டத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். மறுநாள் காலையில் நேற்றைய வேகம் இருக்காது, பயப்பட வேண்டாம். மெட்ரோனோமில் இரண்டு படி குறைத்து ஆரம்பித்தால் சீக்கிரமே பிடித்துவிடலாம். கொட்டையைப் பெடல் பக்கம் உருளவிடாதீர்கள். போன வாரம் ஒன்று அடியில் மாட்டிக்கொண்டு, பெடல் இறங்காமல் அரை வகுப்பு போய்விட்டது.